இரண்டாவது அழுங்கு

காகிதத்துக்கு வெயில் ஆகாது, ஐயா. அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் நல்லது. மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தக் குழலுக்குள் இருக்கும் படத்துக்காகத்தான் சொல்கிறேன். நன்றி. இனி நிதானமாகப் பேசலாம்.

படங்களுக்கு விலை மதிப்பிடுவது என் தொழில். பாப் ஆர்ட் அச்சுப் படங்கள். அதிலும் அழிந்துகொண்டிருக்கும் விலங்குகளின் படங்கள் மட்டும். ரோஜா நிறக் காண்டாமிருகம், ஊதாப் புலி, எல்லாமே மிட்டாய்த் தாள் மாதிரிப் பளீரென்று இருக்கும். பார்க்க வருகிறவர்கள், "ஐயோ பாவம், இது இன்னும் எத்தனை உயிரோட இருக்கோ" என்று உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அது எரிச்சலாக வரும். இந்தப் படம் இன்னும் எத்தனை இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. குறையக் குறையத்தான் மதிப்பு. மிருகத்துக்கும் அப்படித்தானே? காட்டில் மண்டிக் கிடந்த காலத்தில் அதை யார் திரும்பிப் பார்த்தார்கள்?

அழுங்கு தெரியுமா உங்களுக்கு? பயந்தால் செதில் உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளுமே, அந்த எறும்புதின்னி. மஞ்சள் பின்னணியில் செக்கச்செவேலென்று ஓர் அழுங்கு. அது அச்சான புதிதில் அப்பா இரண்டு பிரதி வாங்கினார், எனக்கொன்று, தங்கைக்கொன்று. பிறகு அச்சகத்துக்குள் வெள்ளம் புகுந்து மீதியெல்லாம் கூழாகிவிட்டன. மிஞ்சியவை எங்கள் இரண்டும்தான்.

என்னுடையதை இருட்டறையில் பிள்ளையைப்போல் வைத்துக் காப்பாற்றினேன். அவளோ கூடத்தில், நேராக வெயில் விழும் சுவரில் மாட்டியிருந்தாள். அவள் புருஷன் அதன் பக்கத்து ஆணியிலேயே ஈரத் துண்டைத் தொங்கவிடுவார். நல்ல மனிதர், மண்டைக்குள் மட்டும் ஒன்றும் கிடையாது.

விலைக்குக் கேட்டேன். "அப்பா குடுத்ததுக்கு விலை பேசுறியா? போண்ணா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. சரி, பத்திரமாகவாவது வைத்திரு என்று இந்த இரும்புக் குழலை நானே வாங்கிக் கொடுத்தேன். தண்ணீர், நெருப்பு எதுவும் உள்ளே போகாது. "குடை வெச்சுக்க வசதியா இருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கூடத்துக்குள் நான் காலெடுத்து வைக்கவில்லை. ஆனால் அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதை வாக்குமூலத்தில் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் அவள் வீட்டுக்குப் பின்வீட்டில் விருந்து. முன்கதவைப் பூட்டிவிட்டுச் சமையலறைக் கதவு வழியாக எல்லோரும் அங்கே போயிருந்தார்கள். நான் பக்கத்துச் சந்தில் நுழைந்து, கூடத்து ஜன்னல் திரைக்குத் தீ வைத்தேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் படத்தை அவள் வீட்டுச் சுவரில் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. ஆளில்லாத வீடு, ஒரு காகிதம் போகும், அவ்வளவுதான் என் கணக்கு.

புகையைப் பார்த்ததும் அவள் சமையலறை வழியாக உள்ளே ஓடியிருக்கிறாள். திரும்பிப் போக வழியில்லாமல் முன்னறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் நின்ற என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது. அவர்கள் ஊருக்குப் போனால் முன்னறைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது நான்தானே.

"அண்ணா, சாவி உன்கிட்டதான் இருக்கு, சீக்கிரம் கதவைத் திற."

என் கை சட்டைப்பைக்குள் போனது. சாவியைத் தொட்டுவிட்டேன், பொய் சொல்லவில்லை. அப்போதுதான் அவள் கையில் குழலைக் கண்டேன். கதவைத் திறந்தால் அவள் மட்டுமா வெளியே வருவாள்? கையை வெளியே எடுத்துவிட்டேன். ஆமாம், தீ வைத்தவனும் நான், கதவைத் திறக்காதவனும் நான். அவள் இன்னும் இரண்டு முறை அண்ணா என்று கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை.

தீ எட்டுமுன்பே புகையில் மூச்சடைத்து, குழலை அணைத்தபடி உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடந்தாளாம். பிணவறை வாசலில் அவள் புருஷன் என் தோளில் சாய்ந்து அழுதார்.

"உங்க பிறந்தநாளைக்குத் தரணும்னு போன வாரமே சுவத்துலேர்ந்து எடுத்துட்டா மச்சான். அண்ணன் ஆசைப்பட்டுச்சுன்னு சொல்லிட்டே இருந்தா."

"அழாதீங்க மாப்பிள்ளை" என்றேன். வேறென்ன சொல்வது?

குழல்மேல் 'அண்ணனுக்கு' என்று அவள் கையெழுத்து இருக்கிறது பாருங்கள். நல்லவேளை, படத்தின்மேல் எழுதவில்லை. எழுதியிருந்தால் மதிப்புப் போயிருக்கும். நீங்கள் திறந்து காட்டியபோது பார்த்தேன், ஒரு கீறல் இல்லை.

எனக்கு வருத்தம் ஒன்றுதான், ஐயா. தரப்போகிறேன் என்று அவள் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இரண்டும் என் கைக்கு வந்திருந்தால், வீட்டில் உட்கார்ந்து ஒன்றைக் கிழித்துப் போட்டிருப்பேன். யாருக்கும் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது.