ஏழாவது வாய்தா

— ...அதுக்கில்ல அம்சவல்லி, வெயில்ல நிக்கிறீங்களேன்னுதான் சொன்னேன். இப்படி மரத்தடிக்கு வாங்க. கோர்ட்டுல பேர் கூப்பிட்டா இங்கயே கேக்கும்.

— கேக்குமா? போன தடவ கேக்கலன்னுதான் வக்கீல் சத்தம் போட்டாரு.

— கேக்கும், கேக்கும். டவாலிக்கு அப்படித் தொண்ட. உக்காருங்க. டீ சொல்லட்டுமா?

— வேணாம்... என்ன சார் இது, வாங்க போங்கன்னு? எங்க வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் ‘ஏ அம்சவல்லி, நாத்துக்கட்டத் தூக்கு’ன்னுதானே உங்க பேச்சு?

— அது அப்ப... காலம் மாறிப்போச்சுல்ல.

— அவருதான் மொதல்ல மாத்துனாரு. புத்த மார்க்கத்துக்கு வந்தன்னிக்கே, ‘இனிமே யாரையும் அய்யான்னு கூப்பிடாத, குணசேகரன் சாருன்னு சொல்லு’ன்னாரு. என் வாயில அது வர ஆறு மாசம் ஆச்சு.

— எனக்கு அதக் கேட்டுப் பழக ஒரு வருஷம் ஆச்சு. வரப்புல நின்னுக்கிட்டு உங்க வீட்டுக்காரன் காத்தான் ‘சார், தண்ணி வந்துருச்சு’ம்பான். எனக்கு என்னமோ பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆயிட்ட மாதிரி...

— சிரிக்கிறீங்க.

— சிரிக்கல... சரியாத் தூங்குறதில்ல. வாய் அது பாட்டுக்குப் போகுது. இருங்க, போன்... ஹலோ. ஆமா மங்களம்... இன்னும் கூப்பிடல... மாத்திர போட்டேன்... போட்டேங்கிறேன்ல! வை.

— வீட்டுலயா?

— ம். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா. இன்னிக்கு உங்க சாட்சின்னதும் அவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

— அவங்களுக்கு எதுக்கு ஓடல? கேசு நல்லக்கண்ணு மேலதான?

— நம்ம போர்செட்டுல இருபது வருஷம் கெடந்தவன்... அந்தக் கவலதான்.

— அந்தா, படியில உக்காந்திருக்காரு பாருங்க. அவரு மவ ஜெயபாரதி முந்தானையால விசிறிக்கிட்டு இருக்கு. மூணு படி ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்குது மனுஷனுக்கு. இது ஏழாவது வாய்தா.

— என்ன பண்றது? பன்னிக்கு வேலி கட்டுனது, லைன்ல கொக்கி போட்டு அதுல கரண்ட் விட்டது, எல்லாம் நாந்தான்னு அவனே எழுதிக் குடுத்துட்டான்.

— ஆமா. எழுதிக் குடுத்தாரு.

— ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உங்க தெருவுல எல்லாரும் கண்ண மூடி உக்காந்துருக்கீங்களாமே. என்னதான் பண்ணுவீங்க?

— மூச்சப் பாக்கணும்.

— மூச்சையா? அதப் பாக்க என்ன இருக்கு?

— அதையேதான் நானும் கேட்டேன். நாகப்பட்டினத்துலேர்ந்து ஒரு பிக்கு வருவாரு. ‘உள்ள போறதப் பாரு, வெளிய வர்றதப் பாரு, நடுவுல எது வந்தாலும் வரட்டும்’பாரு. எனக்குக் கண்ண மூடுனா எங்க வீட்டுக்காரரு பாதந்தான் வரும். சேறு அப்பிக்கிட்டு, வெரலு விரிஞ்சுபோயி...

— விடுங்க அத.

— நீங்கதான கேட்டீங்க. மொத வாரம் எழுந்து வந்துட்டேன். ‘உங்களுக்குப் பொண்டாட்டி புள்ள இருந்தா தெரியும்’னு அவரு மொகத்துக்கு நேராவே சொல்லிட்டேன்.

— அய்யய்யோ! சாமியாரயா? என்ன சொன்னாரு?

— சிரிச்சாரு. ‘அடுத்த வாரமும் வாங்கம்மா, வந்து திட்டுங்க’ன்னாரு. போனேன்.

— திட்டவா?

— திட்டத்தான் போனேன். அப்படியே உக்காந்துட்டேன்... வலின்னா வலி. கோவம்னா கோவம். இது நல்லது, இது கெட்டதுன்னு பேரு வைக்காதம்பாரு. வந்தா வந்துச்சு. போனா போச்சு.

— நல்லாத்தான் சொல்லியிருக்காரு. அப்ப... நடந்தது நடந்துபோச்சு. யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. அதானே?

— இதுக்குத்தான் மரத்தடிக்குக் கூப்பிட்டீங்களா?

— இல்ல இல்ல... சும்மா கேட்டேன்.

— குத்தம் சொல்லாதன்னுதான் சொன்னாரு சார். கண்டத மறைன்னு சொல்லல.

— ...போலீஸ்ல அன்னிக்கு நீங்க வேற ஒண்ணும் சொல்லலியே?

— சொல்லல.

— அன்னிக்குச் சொல்லாதத இன்னிக்குப் புதுசாச் சொன்னா கோர்ட்டுல எடுபடாதுன்னு வக்கீல்...

— என்கிட்டயும் சொன்னாரு. நம்புறது ஜட்ஜ் பாடு. சொல்றது என் பாடு.

— என்ன... என்ன சொல்லப்போறீங்க?

— மார்கழி மாசம். வெள்ளன மடை தொறக்கப் போனவரு பொழுது விடிஞ்சும் வரல. தேடிக்கிட்டுப் போனேன். பனி. வாய்க்காலுக்கு இக்கரையில நின்னு பாக்கிறேன், அக்கரையில உங்க வரப்புல குப்புறக் கெடக்காரு. பக்கத்துல ஒரு ஆளு மூங்கிக் கழியால லைன்லேர்ந்து கொக்கிய எடுத்துக்கிட்டு இருக்காரு.

— பனின்னு நீங்களே சொல்றீங்க. நல்லக்கண்ணா இருக்கும்...

— நல்லக்கண்ணு அன்னிக்கு நன்னிலத்துல மவ வீட்டுல. பத்து மணி பஸ்ஸுலதான் வந்து எறங்குனாரு. ஊருக்கே தெரியும். யாரும் சொல்லல. நானும் சொல்லல.

— அம்சவல்லி...

— ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். ரெண்டரை வருஷமா கேக்கணும்னு. நீங்க போய்ப் பாத்தப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா?

— ...இல்ல. கொக்கிய எடுத்துட்டு, பொரட்டிப் போட்டு நெஞ்சுல கை வச்சுப் பாத்தேன். மொகத்துல தண்ணி தெளிச்சேன். காத்தான், காத்தான்னு கத்துனேன். ஒடம்பு வெறச்சிருந்துச்சு அம்சவல்லி. எப்பவோ போயிடுச்சு.

— நெசமாவா?

— என் புள்ளைங்க மேல...

— புள்ளைங்கள இழுக்காதீங்க. நெசமான்னுதான் கேட்டேன்.

— நெசம்.

— ...

— அழுவாதீங்க... யாராவது பாக்கப்போறாங்க.

— பாக்கட்டும். நான் நின்னுட்டேன் சார். இக்கரையிலயே நின்னுட்டேன். இடுப்பளவு தண்ணிதான். எறங்கி ஓடியிருக்கலாம். காலு வரல. ஒரு குரல் குடுக்கல. உசுரு இருந்திருக்குமோ, நான் ஓடியிருந்தா பொழச்சிருப்பாரோன்னு... கண்ண மூடுனா பாதம் வருதுன்னேன்ல, அதுக்குப் பின்னாடியே இதுவும் வரும். தெனம்.

— ஓடியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. அதுக்கு நான் சாட்சி.

— ம்.

— ஏன் அன்னிக்கே சொல்லல? சொல்லியிருந்தா என்ன அன்னிக்கே...

— எங்க மவன் இனியவன் அருவாளத் தீட்டிக்கிட்டு நின்னான். இருவத்தி ரெண்டு வயசு. யாரும்மா, யாரும்மான்னு கேக்கிறான். பேரச் சொன்னா உங்க வாசல்ல ஒரு பொணம் விழும், பொழுது சாயறதுக்குள்ள எங்க தெரு எரியும். பாக்கலன்னுட்டேன். போன மாசந்தான் கத்தாருக்கு ஏறுனான்.

— அதான் இன்னிக்கு...

— அதான். ஆனா, நான் வாய மூடுன அத்தன நாளும் நல்லக்கண்ணு தலையிலதான விடிஞ்சுது? ஜெயபாரதி என்னப் பாத்தா எழுந்து எடம் விடுது. புருஷனப் பறிகுடுத்தவளாச்சேன்னு. எனக்குக் கூசுது. நீங்க பயந்து மறைச்சீங்க, நானும் பயந்துதான் மறைச்சேன். இதுல உங்களக் குத்தம் சொல்ல எனக்கு என்ன இருக்கு?

— என் மேல கோவமே இல்லையா?

— இல்லாம? டீ சொல்லட்டுமான்னு கேட்டீங்களே, அப்பவே வந்துச்சு. தூக்கி மொகத்துல ஊத்தணும்போல.

— ...ஊத்தியிருக்கலாம்.

— பாத்துக்கிட்டே இருந்தேன். அடங்கிருச்சு. மறுபடியும் வரும். கூண்டுல ஏறுனாலும் வரும்... அசதியா இருக்கு சார். வேற ஒண்ணுமில்ல.

— எனக்கும்தான்.

— உங்களுக்கென்ன அசதி? கேசா, வாய்தாவா?

— ...கேக்காதீங்க.

— பொறுங்க... கூப்பிடுறாங்களா?

— ஆமா. உங்க பேருதான். ரெண்டு தடவ கூப்பிட்டுட்டான்.

— வரேன்.

— அம்சவல்லி! ஒரு நிமிஷம்...

— சொல்லாதன்னா கேக்க மாட்டேன் சார்.

— சொல்லாதன்னு கேக்கத்தான் வந்தேன். மங்களம் அதச் சொல்லித்தான் அனுப்புனா. காலையிலேர்ந்து வார்த்தையத் தேடிக்கிட்டு நிக்கிறேன்.

— அப்புறம்?

— போங்க. போயிச் சொல்லுங்க. சொல்லி எறங்குனதும், என்னையும் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுங்க. நானும் ஏறிச் சொல்றேன். நல்லக்கண்ணு வீட்டுக்குப் போகட்டும்.

— ...இப்பத்தான் மனசு வந்துச்சா?

— மனசெல்லாம் இல்ல... முடியல. வாய்க்காலுக்கு அந்தக் கரையில நீங்க நின்னத நான் அன்னிக்கே பாத்துட்டேன் அம்சவல்லி. நீங்க சொல்லிருவீங்க, போலீஸ் வந்துரும்னு சாயங்காலம் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து உக்காந்தேன். யாரும் வரல. அன்னியிலேர்ந்து உக்காந்துதான் இருக்கேன்.