போட்டோக்காரம்மா பிடித்த வெள்ளைத்தாள்

நாடியில் விரலை வைத்தாலே நேற்று நாம் யாரோடு சண்டை போட்டோம் என்பதைச் சொல்லிவிடும் ஆற்றல் படைத்த அவைத்தலைவர், தலைமை மருத்துவர் அவர்களே! முழங்கால் வலியையும் முன்வரிசையையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மூத்தோர்களே! கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கழுத்தறுப்பைக் கேட்க வந்திருக்கும் கருணை மிகுந்த தாய்மார்களே! கண்ணைக் கைபேசிக்குக் கொடுத்துவிட்டுக் காதை மட்டும் எனக்கு இரவல் தந்திருக்கும் இளைஞர் பெருமக்களே! இந்த மைக் தாங்குகிற அளவுக்கு உங்களுக்கு என் வணக்கம்.

இன்று நம் தொலைமருத்துவச் சேவைக்குப் புதிய இயக்குநர் பொறுப்பேற்கிறார். நாற்பது ஊர், நாற்பது அறை. ஒவ்வோர் அறையிலும் ஒரு நர்ஸ், ஒரு திரை, திரைக்குள்ளே எங்கோ தொலைவில் உட்கார்ந்திருக்கும் ஒரு டாக்டர். இதை நடத்துகிறவர்கள் யார்? இதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார்கள்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது விடுமா? ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.

தொழில்நுட்பத் தலைவர், செயற்கைக்கோள்களைச் செல்லப்பெயர் சொல்லி அழைப்பவர் என்று நினைத்திருந்தேன். அவர் முன்பு லிஃப்ட் மெக்கானிக்காம். “பாதியில நின்னுபோனா, உள்ள மாட்டுனவங்ககிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டே சரிபண்ணணும் சார். இங்கயும் அதே வேலைதான்,” என்றார். மருந்துச் சீட்டுப் பிரிவின் தலைவி, பத்திரிகையில் பிழை திருத்தியவர். டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த, உலகத்தின் கடைசி உயிர் அவர்.

சரி, புதிய இயக்குநர்? பதினோரு வருடம் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவர்.

பின்னால் ஒருவர் முணுமுணுக்கிறார்: “போட்டோ எடுத்தவங்களுக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலை?” நல்ல கேள்வி ஐயா. என் மச்சானைக் கேட்போம்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, பஸ் டிரைவர். மூன்று ஆள் சாப்பாட்டைத் தனி ஆளாக முடித்துவிட்டு “அடுத்து என்ன?” என்று கேட்கிறவர். அப்படிப்பட்டவருக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் சாப்பாடே இறங்கவில்லை. உடம்பு வலி. களைப்பு. சாதாரணக் களைப்பா? அவர் விட்ட கொட்டாவியில் டிப்போவில் நின்ற பதினாறு பஸ்ஸும் ஓர் அடி பின்னுக்குப் போயின. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, டிப்போ மாடியில் இருந்த தொலைமருத்துவ அறைக்குப் போனேன்.

ஜன்னலே திறக்காத அறை. மேலே ஒரு மஞ்சள் பல்பு. அதன் கீழே நான் மஞ்சள், நர்ஸ் மஞ்சள், நாற்காலி மஞ்சள். மச்சான் மட்டும் வேறு நிறத்திலா இருப்பார்? கேமராவும் விளக்கும் பார்க்கிற வேலைக்கு அந்த வாரம்தான் சேர்ந்திருந்த போட்டோக்காரம்மா ஒரு மூலையில் நின்றார்.

திரையில் டாக்டர் கண்ணைக் காட்டச் சொன்னார், பார்த்தார். “கண்ணு நல்லா இருக்கு. வெறும் அசதி. வலி மாத்திரை எழுதறேன், ரெண்டு நாள் தூங்குங்க.”

“ஒரு நிமிஷம் டாக்டர்,” என்றது மூலை. “திரையில நர்ஸக்கா கோட்டு நீலமாத் தெரியுது. அது வெள்ளைக் கோட்டு.”

“அதனால என்னம்மா?”

“கேமரா தானாவே மஞ்சளைக் கழிக்குது. பல்பு மஞ்சளைக் கழிக்கிறேன்னு அண்ணன் கண்ணுல இருக்கிறதையும் கழிச்சிருந்தா?”

“இருபது வருஷமா கண்ணைப் பார்க்கிறேன்மா.”

“நீங்க இப்பப் பார்த்தது கண்ணை இல்ல டாக்டர், திரையை. நான் பதினோரு வருஷமா அதைத்தான் பார்த்திருக்கேன்.”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. காட்டுங்க,” என்றார்.

போட்டோக்காரம்மா பல்பை அணைத்தார், ஜன்னலைத் திறந்தார், வெயில் விழுந்த இடத்தில் மச்சானை நிறுத்தினார். கேமராவின் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, மச்சான் முகத்தை ஒட்டி ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தார். தாள் வெள்ளை. கண்? மாம்பழம் தோற்றது.

“மஞ்சள் காமாலை! வலி மாத்திரை குடுக்காதீங்க,” என்றார் டாக்டர். “ஈரலுக்கு அதுவே விஷமாயிடும். இப்பவே வண்டிய வரச்சொல்லுங்க.”

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. இன்னும் இரண்டு நாள் தூங்கியிருந்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்றார்கள் அங்கே. இதில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அந்த டாக்டர் யார் தெரியுமா? இதோ, என் வலப்பக்கம் அவைத்தலைவராக வீற்றிருக்கும் இவர்தான். நாற்பது அறைக்கும் அந்தம்மாதான் இயக்குநர் என்று முன்மொழிந்தவரும் இவர்தான். பட்டம் பார்த்தாரா? பதவி பார்த்தாரா? தான் பார்க்காததைப் பார்த்த கண்ணைப் பார்த்தார். சபையோரே, லிஃப்ட் பார்த்த கை ஒன்றை அறியும்; பிழை பார்த்த கண் ஒன்றை அறியும்; மருத்துவம் கற்ற தலை ஒன்றை அறியும். ஒருவர் அறிந்ததை இன்னொருவர் “காட்டுங்க” என்று கேட்கிற இடத்தில்தான் உயிர் பிழைக்கிறது.

மச்சான், மூன்றாம் வரிசையில் அக்காவுக்குப் பின்னால் ஒளியாதீர்கள், எழுந்து நில்லுங்கள். எழமாட்டார், கூச்சம். பரவாயில்லை. இவ்வளவு நேரம் பொறுத்த உங்கள் பொறுமைக்கு என் நன்றி. கைதட்டல் இயக்குநருக்கு. சந்தேகம் உள்ளவர்கள் வெளியே வெயிலில் மச்சானை நிறுத்திக் கண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், சாப்பாட்டு நேரம் மட்டும் தவறக்கூடாது. வணக்கம்.