சக்கரம் வைத்த படகு

– அதனாலதான் சொல்றேன், அது மோதல் இல்ல. தட்டிப் பார்த்தேன். பழைய படகு வாங்கினா பலகை கெட்டியா இருக்கான்னு தட்டிப் பார்க்கணும்.

– துறையோரத்து ஐஸ் பேக்டரி சுவத்துல மோதியா தட்டிப் பார்ப்பாங்க?

– கெட்டியான இடத்துலதானே தட்ட முடியும்? பாரு, பெயின்ட் மட்டும்தான் போயிருக்கு. படகு கல்லு மாதிரி நிக்குது.

– படகு நிக்குதுங்க. சுவருதான் பாதி உதிர்ந்துடுச்சு.

– அதுல இருந்தே தெரியலையா படகோட தரம்? நம்ம சின்னப் படகு இதுக்குப் பக்கத்துல நின்னா கழட்டி விட்ட செருப்பு மாதிரி இருக்கும். இங்க பாரு, கண்ணாடி வச்ச கேபின், நாலு பேர் காலை நீட்டிப் படுக்கப் பலகை, ஒரு ஆளையே உள்ள வச்சு மூடுற அளவுக்கு ஐஸ் பெட்டி!

– யாரை வச்சு மூடலாம்னுதான் காலைல இருந்து யோசிக்கிறேன்.

– கிண்டல் பண்ணு. இவன் இப்படி ஒரு படகு வாங்குவான்னு யாராவது நினைச்சிருப்பாங்களா?

– நாம ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினதுங்க.

– அதைத்தானே நானும் சொல்றேன். ‘இவன்’னா நாம ரெண்டு பேரும்தான்.

– பழசா இருந்தாலும் நல்ல படகுங்க. ஏறி நின்னதும் எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

– பழசுன்னு சொல்லாத. அனுபவம் உள்ள படகு. இனிமே நீ உப்புத் தண்ணியில ஊற வேணாம். கரையில ராணி மாதிரி உட்காரு. மீனை எடை போடுறவனை முறைச்சுப் பாரு, போதும்.

– அதை நான் கேட்டேனா?

– என்னது?

– கரையில உட்காரணும்னு நான் எப்பக் கேட்டேன்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்க வலை இழுக்குறீங்க, நான் பின்னாடி உட்கார்ந்து சுக்கான் கட்டையைப் புடிக்கிறேன். படகு பெருசானதும் எனக்கு மட்டும் எடம் இல்லாம போயிடுச்சா?

– அது கட்டைம்மா. இது சக்கரம். இதுக்குன்னு ஒரு பக்குவம் வேணும்.

– கட்டையை இடது பக்கம் தள்ளினா படகு வலது பக்கம் போகும். சக்கரத்தைத் திருப்பின பக்கமே படகு போகும். அந்தப் பக்குவம் காலைல உங்களுக்கு எங்க போச்சு? நான் பாய்ஞ்சு சக்கரத்தைத் திருப்பலைன்னா, நேரா பேக்டரிக்குள்ளயே போய் ஐஸ் ஏத்தியிருப்போம்.

– உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?

– சந்தைக்கு மீன் வேனை ஓட்டுறது யாரு? நீங்க பக்கத்து சீட்டுல குறட்டை விடுறப்ப?

– அது ரோடு. ரோட்டுல அலை அடிக்குமா?

– நம்ம ரோட்டுலயா கேக்குறீங்க?

– சரி, பேச்சை விடு. வலை இழுக்கக் கூப்பிட்ட ஆளுங்க வர்றாங்க பாரு, மூட்டை முடிச்சோட! சொன்னதும் வந்துட்டாங்க. எனக்கு இருக்குற பேரு அப்படி. வாப்பா நங்கூரம், ஏறு! உன் ஆளுங்களையும் ஏறச் சொல்லு.

– இருக்கட்டும்ணே. ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்.

– கூலியா? பேசினது பேசினதுதான்.

– கூலி இல்லண்ணே. சக்கரத்தை யாரு புடிக்கிறது?

– இது என்ன கேள்வி? படகு யாருது?

– படகு உங்களுதுதாண்ணே. உசுரு எங்களுது. காலைல நான் அந்தச் சுவத்து மேல உட்கார்ந்துதான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்.

– அடடா! எங்கயாவது அடி பட்டுச்சாப்பா?

– டீதான் போச்சு. அக்கா சக்கரத்தைத் திருப்பினதையும் பார்த்தேன். அக்கா ஓட்டினா ஏறுறோம். இல்லைன்னா இப்படியே திரும்பிடுறோம். கோவிச்சுக்காதீங்கண்ணே.

– என்னங்க... துறையே நம்மளத்தான் பார்த்துக்கிட்டு நிக்குது.

– பார்க்கட்டும்! ஏம்ப்பா நங்கூரம், இதை நீ இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுக்கிட்டியா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் உசுரை இவ கையில குடுத்துட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு வலை இழுக்குறவன்ப்பா நான்! இந்தாம்மா, சக்கரத்தைப் புடி. துறையில நிக்கிறவங்க எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க, இந்த ஆளை உங்களுக்கெல்லாம் முன்னாடியே கண்டுபிடிச்சது நான்தான்!