ஒற்றை மணிச் சத்தம்

— மாமா... முழிச்சுட்டீங்களா?

— நான் எங்கம்மா தூங்கினேன்? தூங்குற மாதிரி படுத்திருந்தேன்.

— குறட்டை மட்டும் அது பாட்டுக்கு வந்துச்சாக்கும்.

— அது பக்கத்து மொட்டைமாடியா இருக்கும்.

— சரி சரி. போர்வையை இழுத்துப் போர்த்திக்குங்க. பனி எறங்குது. இன்னும் முழுசா விடியல.

— இந்தப் பனி நல்லதும்மா. தெருவே தெரியல பாரு. பன்னெண்டு நாள் குப்பை... எல்லாம் மறைஞ்சு போச்சு. மேகத்து மேல கட்டில் போட்டுப் படுத்த மாதிரி இருக்கு.

— மூக்கையும் மூடிக்கிட்டா மேகம்தான்.

— இங்க வரைக்கும் நாத்தம் ஏறல. மாடியில படுக்கலாம்னு சொன்னது யாரு? நான்தான?

— நீங்கதான். முப்பத்தோரு வருஷம் ஓட்டல்ல லிப்ட் ஓட்டினவருக்கு மேல போறதுக்குச் சொல்லியா குடுக்கணும்?

— கிண்டல் பண்ணு, மாமனார்தானே... அந்த லிப்ட்தாம்மா இப்ப கனவுல வந்துச்சு.

— தூங்கவே இல்லன்னீங்க?

— கனவுக்குத் தூக்கம் எதுக்கு? கேளேன். யூனிபாரம் போட்டுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். கதவு தொறக்குது. வெளிய பாத்தா வரிசையா குப்பைப் பை. கறுப்பு, பச்சை, வெள்ளை... ஒவ்வொண்ணும் மரியாதையா உள்ள வருது. நான் கேக்குறேன், எத்தனாவது மாடிங்க?

— அதுங்க பதில் வேற சொல்லுச்சா?

— சொல்லாம? ஒண்ணு மூணுங்குது. ஒண்ணு அஞ்சுங்குது. கீழ்வீட்டு டீச்சரோட பை இருக்கே, குரல் கூட அப்படியே டீச்சர் குரல்... 'சீக்கிரம் விடுப்பா, நான் ப்ரீசருக்குப் போகணும்'ங்குது.

— ஐயோ, சிரிப்பு காட்டாதீங்க மாமா. அவங்க நெஜமாவே மீன் தலையெல்லாம் ப்ரீசர்லதான் வெச்சிருக்காங்க. நேத்து ஐஸ் கேட்டுப் போனேன். கதவைத் தொறந்தா எட்டு மீன் என்னையே பாக்குது. கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

— எதிர்வீட்டு பேங்க்காரர் என்ன பண்றாரு?

— தினம் காலைல ரெண்டு சூட்கேஸோட ஊருக்குப் போறாரு. மத்தியானம் ரெண்டையும் ஒரு விரல்ல மாட்டிக்கிட்டு வர்றாரு. வீட்டுக்காரம்மா வாசல்ல நின்னு டாட்டா காட்டுறாங்க.

— எந்த ஊர்க்காரங்களோ, பாவம்... நாம?

— நாம வாயைக் கட்டிட்டோம். பட்டாணி உரிச்சா தோல் சேருமேன்னு பட்டாணியே வாங்கல. துணி வெட்டுற துண்டைக் கூட நான் தலகாணிக்குள்ள திணிக்கிறேன். நீங்க இப்ப தலை வெச்சிருக்கறது மூணு சட்டை, ஒரு ஸ்கூல் பாவாடை.

— அதான் கனவெல்லாம் கலர் கலரா வருதா?

— அப்புறம்? லிப்ட் எங்க போச்சு?

— எல்லாம் எறங்கிடுச்சும்மா. கடைசியா ஒரே ஒரு பை. சின்னது. ரெண்டு முடிச்சுப் போட்டது. எத்தனாவது மாடின்னு கேக்குறேன்... பேசல. திரும்பவும் கேக்குறேன்... பேசல. குனிஞ்சு பாக்குறேன், அடியில சொட்டுது.

— ...என்ன சொட்டுது?

— பாக்கறதுக்குள்ள மணி அடிச்சுது. முழிச்சுட்டேன்.

— எந்த மணி?

— மணியக்கா மணிதான். குப்பை வண்டி மணி.

— மாமா, மணியக்கா இந்தத் தெருவுக்கு வந்து பன்னெண்டு நாள் ஆச்சு. குப்பை எடுக்கறவங்க எல்லாரும் ஸ்டிரைக்குல உக்காந்திருக்காங்க. வண்டியும் இல்ல, மணியும் இல்ல.

— அது எனக்குத் தெரியாதா? ஆனா தினம் கேக்குதே. இதே மாதிரி, விடிஞ்சும் விடியாத நேரத்துல. ஒரே ஒரு தடவை.

— பழக்கம் மாமா. பத்து வருஷமா அந்தச் சத்தத்துலதான முழிக்கிறோம். காதுக்குள்ளயே குடியேறிடுச்சு.

— பழக்கம்னா ரெண்டு தடவை கேக்கணும்ல? மத்த வீட்டுக்கு ஒண்ணு அடிப்பா, நம்ம வீட்டுக்கு ரெண்டு அடிப்பா. கிழவன் படி எறங்க நேரமாகும்னு. ஒத்தை மணி நம்ம வீட்டு மணியே இல்லம்மா.

— கனவுல வர்ற மணியை நிக்க வெச்சு விசாரிப்பீங்களா? டீ போட்டுக் கொண்டு வரட்டுமா?

— நீ எங்க போயிட்டு வந்த? கால்ல செருப்பு இருக்கு.

— பால்காரர் வந்துட்டாரான்னு தெருமுனை வரைக்கும்...

— வந்துட்டாரா?

— ...இல்ல.

— கையை ஏன் மடியிலயே பொத்தி வெச்சிருக்க?

— குளிருது மாமா. கேள்வி கேட்டே கொல்றீங்க காலங்காத்தால.

— சரி, டீ அப்புறம் போடலாம். உக்காரு. நேத்து சாயங்காலம் சங்கத்து ஆளு ஒருத்தர் வந்தாரே, உன்கிட்ட என்னமோ காட்டினாரே?

— நீங்க தூங்கிட்டு இருந்தீங்கன்னு நெனச்சேன்.

— தூங்குற மாதிரி படுத்திருந்தேன்.

— உங்களுக்கு அதுவே ஒரு உத்தியோகம்... கண்ணாடித் துண்டு மாமா. கைக்குட்டையில மடிச்சு எடுத்துட்டு வந்து வீடு வீடாக் காட்டுறாரு.

— நீலமா?

— ...நீலம்தான்.

— எதுக்காம்?

— மணியக்கா கையைக் கிழிச்ச துண்டு அது. தெருமுனையில வண்டியை நிறுத்திட்டு ஈரக் குப்பை வேற, காய்ஞ்ச குப்பை வேறன்னு வெறுங்கையாலதான பிரிப்பாங்க... அப்ப ஏறிடுச்சு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல. இன்னும் கையை மூட முடியலையாம். கையுறை குடுத்தாத்தான் இனிமே வண்டியைத் தொடுவோம்னு அன்னிக்கு உக்காந்தவங்கதான் எல்லாரும்.

— அது ஊருக்கே தெரியும். துண்டை ஏன் காட்டுறாரு?

— பையெல்லாம் கலந்து கெடந்துச்சு, எந்த வீட்டுதுன்னு தெரியல. கார்ப்பரேஷன் ஆபீஸ்ல என்ன சொல்றாங்கன்னா, வீட்டுப் பையில கண்ணாடியே வரல, அந்தம்மா வேலை நேரத்துல பாட்டில் பொறுக்கப் போயி அறுத்துக்கிட்டாங்கன்னு. அதனால வைத்தியமும் பாக்க மாட்டாங்களாம், வேலையும் இல்லையாம். இன்னிக்குப் பத்து மணியோட விசாரணை முடியுது. அதுக்குள்ள ஏதாவது ஒரு வீடு வந்து, எங்க பையில இருந்ததுதான்னு சொல்லிட்டா மணியக்கா தப்பிச்சாங்க. இல்லன்னா இல்ல.

— நீ என்ன சொன்ன?

— எங்க வீட்டுல நீலமா எதுவும் இல்லன்னு சொன்னேன்.

— ம். பனி கலையுது பாரு.

— ஆமா. தண்ணி டேங்க் தெரியுது. அதுக்கு மேல ஒரு காக்கா. பன்னெண்டு நாள்ல எப்படி குண்டாயிடுச்சு பாருங்க.

— நீ முதல் முதல்ல தச்சுக் குடுத்த காசுல ஒரு ஜாடி வாங்கினியே, ஞாபகம் இருக்கா? கண்ணாடி ஜாடி. ஜன்னல்ல வெச்சிருந்த. காலை வெயில் பட்டா, என் கட்டிலுக்கு மேல சுவத்துல நீலமா தண்ணி ஆடும். அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு அரைமணி நேரம் படுத்திருப்பேன். எங்கயோ ஆத்துக்கு அடியில இருக்கற மாதிரி இருக்கும். பன்னெண்டு நாளா ஜாடி அங்க இல்ல. நீ ஒரு வார்த்தை கேக்கல.

— மேல பரண்ல எங்கயாவது எடுத்து வெச்சிருப்பேன் மாமா. ஞாபகம் இல்ல.

— நூல்கண்டு ஒண்ணு காணோம்னா வீட்டையே கவுத்துப் போடற ஆளு நீ.

— மாமா, டீ...

— டீ எங்கயும் ஓடிடாது. குறுக்க பேசாமக் கேளு. ஜாடியை நான்தான் உடைச்சேன்.

— மாமா...

— குறுக்க பேசாதன்னேன்! விடிகாலையில தண்ணி குடிக்க எந்திரிச்சேன். கை பட்டுடுச்சு. பெரிய சத்தம் கூட வரல. நீ அசந்து தூங்குற. உன் புருஷன் பேக்கரியில, ஷிப்ட் முடிஞ்சு வரல. அப்படியே தரையில உக்காந்து ஒவ்வொண்ணாப் பொறுக்கினேன்.

— காகிதத்துல சுத்தியிருக்கலாமே...

— சுத்தல! அதைத்தான் சொல்ல வர்றேன். சுத்தினா சரசரங்கும், நீ முழிச்சுக்குவ. குப்பைப் பையில ஆரஞ்சுத் தோலுக்கு அடியில போட்டு மூடிட்டேன். முப்பத்தோரு வருஷம் லிப்ட் கண்ணாடிக் கதவுல ஒரு கீறல் விழ விடாத கை இது. கிழவனுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சுன்னு நீ மனசுக்குள்ள நெனச்சுடக் கூடாதேன்னு... வேற ஒண்ணுமில்ல. அப்புறமா மெதுவா எடுத்து, சுத்திப் போட்டுடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மணி அடிச்சுடுச்சு.

— உங்க கை கிழியலையா?

— கிழியல. அதைத்தான் படுத்துப் படுத்து யோசிக்கிறேன். உடைச்சவன் கை கிழியல.

— அழறீங்களா?

— பனி... கண்ணுல பனி.

— சரி, பனிதான். இந்தாங்க, துடைச்சுக்குங்க.

— இன்னிக்குப் பத்து மணிக்கு முன்னால ஆபீசுக்குப் போறேன். எங்க வீட்டுப் பை, நான்தான் போட்டேன்னு சொல்லப் போறேன். என் வெள்ளைச் சட்டையை மட்டும் தேய்ச்சு வெச்சுடு.

— தனியாவா போவீங்க?

— தனியாத்தான். நீ வரவே கூடாது. நேத்து அந்த ஆளுகிட்ட நீ இல்லன்னு சொன்னது தெரியாமச் சொன்னது. என்னால ஒரு பொய் உன் வாயில வந்து உக்காந்துடுச்சு. என் மருமகளுக்கு ஒண்ணுமே தெரியாது, ஜாடி உடைஞ்சதே தெரியாது, பையைக் கட்டிக் குடுத்தா, அவ்வளவுதான்னு சொல்லிடுவேன். நாலு தெருவுக்குத் துணி தைக்கறவ நீ. உன் மேல ஒரு சொல்லு விழக் கூடாது.

— அப்படியே சொல்லுவீங்களா?

— ஒரு எழுத்து மாறாம.

— மாமா... கனவுல வந்த கடைசிப் பைக்கு ரெண்டு முடிச்சு போட்டிருந்துச்சுன்னீங்களே.

— ஆமா. ஏன்?

— நான் எப்பவும் ஒரு முடிச்சுதான போடுவேன்? அதுவும் தளர்த்தியா. மணியக்கா பிரிக்கறதுக்கு லேசா இருக்கட்டும்னு.

— அன்னிக்கு ரெண்டு போட்ட. கட்டில்ல இருந்து பாத்துட்டுத்தான இருந்தேன்.

— தூங்குற மாதிரி படுத்துக்கிட்டு.

— ஆமா... தூங்குற மாதிரி... ஏம்மா, ஏன் ரெண்டு போட்ட?

— எந்திரிச்சதும் ஜன்னலைப் பாத்தேன் மாமா. நீலத்தைக் காணோம். ஜாடி இருந்த எடம் காலி. பையைத் தூக்கறேன், கலகலங்குது. தோலை நகத்திப் பாத்தேன். எடுத்துக் காகிதத்துல சுத்தலாம்னு திரும்பினா, நீங்க அரைக்கண்ணைத் தொறந்து என்னையே பாத்துட்டு இருக்கீங்க. நான் கண்டுபிடிச்சது தெரிஞ்சா உங்க முகம் எப்படி ஆயிடும்னு... உங்க முகத்தைத்தான் நெனச்சேன். மணியக்கா கையை நெனக்கல. தோலைத் திரும்ப மூடி, ரெண்டு முடிச்சாப் போட்டு இறுக்கிட்டேன்.

— அப்ப... நேத்து நீ சொன்னது...

— தெரிஞ்சேதான் சொன்னேன்.

— ஐயோ, ஐயோ... உன் மனசு நோகக் கூடாதுன்னு நான் மூடுறேன், என் மனசு நோகக் கூடாதுன்னு நீ கட்டுற... ரெண்டு பேருமாச் சேந்து அந்தப் பொண்ணு கையை அறுத்துட்டோமேம்மா.

— ஆமா மாமா.

— எனக்கு அந்த மணி இப்பவும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன். இனிமே அது நிக்குமா நிக்காதா... உனக்கு ஒரு நாள் கூடவா கேக்கல?

— தினமும் கேக்குது. உங்க புத்திக்கு ஒண்ணும் இல்ல மாமா... அன்னிக்கு நான் பால் வாங்க முனையில நின்னப்பதான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்தாங்க. அவங்க கைமணி உருண்டு வந்து என் காலுகிட்ட நின்னுச்சு. எடுத்துட்டு வந்து தையல் பொட்டியில வெச்சுட்டேன். தினமும் விடியறதுக்கு முன்னால துணியில சுத்தி எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குக் கெளம்புறேன்... அவங்க வாசல் வரைக்கும் போயிட்டு, மூஞ்சியைக் காட்ட முடியாம திரும்பிடறேன். படியேறி வர்றப்ப அந்த உடைஞ்ச படியில கால் தடுக்குது, ஒரு தடவை அடிச்சுடுது. இன்னிக்கும் அடிச்சுது. இந்தாங்க, மடியிலதான் இருக்கு. நீங்க பிடிச்சுக்குங்க, நான் ரெண்டு பேர் துணியையும் தேய்ச்சுட்டு வர்றேன். முதல்ல அவங்க வீட்டுக்குப் போவோம், அப்புறம் ஆபீசுக்கு.