புதைந்த குழாயில் புகை

அந்தப் பொம்மை வண்டி மாதிரியைச் சன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், ஐயா. அதிலுள்ள பனி சமையல் சோடாவும் வெள்ளைப் பசையும் கலந்து செய்தது. வெயில் பட்டால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். அலமாரிக்குள் வைத்தால் நல்லது.

நீங்கள் முதலில் கேட்டது பஞ்சைப் பற்றி. அதை எப்போது எடுத்தேன் என்று. சொல்கிறேன். ஆனால் அங்கிருந்து தொடங்கினால், தோகாஷி ஐயாவின் சாவுக்கும் ஒரு பொம்மை வண்டிக்கும் என்ன தொடர்பு என்று எழுதிக்கொள்பவருக்குக் குழப்பமாக இருக்கும்.

குளிர்காலத்தில் நான் ருமோய் நகரத் தெருக்களில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். கோடையில் அதே நிறுவனத்துக்கு மண் லாரி. மற்ற நேரத்தில் பிளாஸ்டிக்கில் சிறிய மாதிரி வண்டிகள் கட்டுவேன். ஒரிகசா அக்காவின் கடை மாடியில், மாதிரி கட்டுகிறவர்களான எங்கள் மன்றம் மாதம் ஒருமுறை கூடும். பெரும்பாலும் ஆண்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நான் அங்கே அதிகம் பேசுவதில்லை.

தோகாஷி ஐயாவுக்கு அங்கே 'ஆணி எண்ணுகிறவர்' என்று பெயர். யார் எந்த டாங்கி மாதிரியைக் கொண்டுவந்தாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தகட்டிலுள்ள ஆணித்தலைகளை எண்ணுவார். ஒன்று குறைந்தால் சபையில் சொல்வார். நான் 'இப்படி நடந்திருந்தால்' என்ற கற்பனை வகைக்குப் போனது அதனால்தான். நடக்காத ஒன்றில் யாரும் ஆணி எண்ண முடியாது என்று நினைத்தேன்.

இரண்டாம் உலகப் போர் முடியும்போது சோவியத் படை வட ஜப்பானில் இந்த ஊரில்தான் இறங்குவதாகத் திட்டம் இருந்தது. இறங்கவில்லை. இறங்கியிருந்தால், பத்து வருடம் கழித்து இந்தத் தெருப் பனியை யார் தள்ளியிருப்பார்கள்? இதுதான் என் மாதிரியின் கேள்வி. பி.டி.ஆர்-50 என்ற கவச வண்டியை எடுத்துக்கொண்டேன். சிப்பாய்களை ஏற்றிச் செல்வது, சங்கிலிச் சக்கரம் உடையது, தண்ணீரிலும் நீந்தும். படகு போன்ற அதன் மூக்குக்கு முன்னால், பனியைத் தள்ளும் பலகை ஒன்றைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிப் பொருத்தினேன். நான் ஓட்டும் வண்டியின் பலகையை அளந்து, அதைச் சுருக்கிச் செய்தது. பக்கவாட்டில் ரஷ்ய எழுத்தில் வண்டி எண், அதன் கீழே ஜப்பானிய எழுத்தில் 'ஒதுங்கி நிற்கவும்'. பக்கத்தில் ஒரு மரவீடு. வண்டி தள்ளிய பனி அதன் சுவரோரம் குவிந்திருக்கிறது. குவியலுக்குள் அடுப்பின் புகைக்குழாய். மேலே புகைக்காகக் கொஞ்சம் பஞ்சு.

ஜனவரிக் கூட்டத்தில் அதை மேசையில் வைத்தேன். தோகாஷி ஐயா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்மா நிஷினா, இந்த வீட்டுல ஆள் இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப காலையில பொணமாத்தான் எடுக்கணும். குழாய் பனிக்குள்ள கெடக்கு, புகை மட்டும் ஜோரா மேல போகுது. எப்படிப் போச்சு? மாடிப்படி ஏறியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"கற்பனைதானே, விடுங்களேன்" என்றார் ஒரிகசா அக்கா.

"கற்பனைன்னா? ரஷ்யாக்காரன் வந்துட்டான்னு வெச்சுக்கோ, சரி. காத்தும் நெருப்பும்கூடவா கட்சி மாறிடுச்சு? ஒண்ணே ஒண்ணைத்தான் மாத்தலாம். மத்ததெல்லாம் அதுலேருந்து தானா வரணும்." என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு பனியை எடு, இல்ல பஞ்சை எடு. ரெண்டும் சேந்து இருக்காது."

பிறகு மற்றவர்களிடம் சொன்னார்: "நெசத்துலயும் இவ இப்படித்தான் தள்ளுறா. எங்க வாசல்ல வந்து பாருங்க, ஒரு மலையே நிக்கும்."

அன்றைக்குப் பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

அது பொய்யில்லை. பலகையை எப்படிச் சாய்த்தாலும் வாசல்களில் கொஞ்சம் சிதறும். ஊர் முழுக்க எங்களைத் திட்டும், எனக்குப் பழக்கம். ஆனால் மற்றவர்கள் நிறுவனத்துக்குப் போன் செய்து புகார் சொன்னால் 'அந்த வண்டி' என்பார்கள். தோகாஷி ஐயா என் பெயரைச் சொன்னார். மன்றத்தில் தெரிந்துகொண்ட பெயர். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை போன் வந்துச்சுன்னா நீ ரோட்டோரம் நின்னு வண்டிகளுக்குக் கொடி காட்டத்தான் போகணும்" என்றார். அந்த வண்டியின் இருக்கையில் உட்கார எனக்கு ஆறு குளிர்காலம் பிடித்தது. யாரும் என்னோடு பேசாத ஒரே இடம் அது.

அதே கூட்டத்தில், தேநீர் குடிக்கும்போது, குளிரில் எப்படிப் பெயின்ட் அடிக்கிறீர்கள் என்று ஒருவர் தோகாஷி ஐயாவிடம் கேட்டார். காற்று வராமல் சன்னலைப் பிளாஸ்டிக் தாளால் ஒட்டிவிட்டேன், அறையைச் சூடாக்கப் பழைய மண்ணெண்ணெய் அடுப்பு போதும் என்றார்.

"நச்சு வாயு வந்தா அடிக்கிற மணி ஒண்ணு பொண்டாட்டி மாட்டி வெச்சிருந்தா. தின்னர் டப்பாவைத் தெறந்தாலே கத்துது. கழட்டிப் போட்டுட்டேன். பொண்டாட்டியே தேவல, நான் சாப்பிட உக்காந்தா கத்துறதை நிறுத்திடுவா."

நானும் சிரித்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்கு வெறுப்பு இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. கடற்காற்று பலமாக இருந்தது. மேகம் மூடி இருண்ட பகலில் அவர் தெருவில் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தத் தெருவில் ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் காலி மனை. பலகையை எப்போதும் காலி மனைப் பக்கம்தான் சாய்ப்போம். அவருடைய வேலையறை பழைய கார் கொட்டகை. அதன் சுவரிலிருந்து அடுப்பின் புகைக்குழாய் இடுப்பு உயரத்தில் தெருப்பக்கம் நீட்டியிருக்கும். ஒவ்வொரு பனிக்கும் அவரே வந்து அதைச் சுற்றித் தோண்டிவிடுவார்.

அவர் மனைவி கிமியே அம்மா கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். சூடான காப்பி டின் ஒன்றை நீட்டினார்.

"குடிம்மா, கை வெறச்சிருக்கும். காலையிலேருந்து அவர் அந்தக் கொட்டகைக்குள்ளதான் கெடக்கார். கண்காட்சி வருதாம். சாப்பிடக் கூப்பிட்டாக்கூட எரிஞ்சு விழறார். நான் எங்க அக்காவைப் பாக்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டேன், திரும்ப சாயங்காலமாயிடும்."

காப்பிக்கு நன்றி சொன்னேன்.

"அவர் போன்ல கத்தினதை மனசுல வெச்சுக்காத. வாய்தான் அப்படி. 'அந்தப் பொண்ணு செஞ்ச பலகை இருக்கே, அது நெசப் பலகை, நான் சொல்ல ஒண்ணுமில்ல'ன்னு அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னார். நேர்ல சொல்ல வராது அவருக்கு." பேருந்து வருவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பனியை அந்தப் பக்கமாத் தள்ளிடுவ இல்ல?"

"தள்ளிடறேங்க" என்றேன்.

சண்டை போட்டவரின் மனைவி இப்படி ஏதாவது சொல்வது வழக்கம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் ஏறிய பேருந்து தெருமுனையில் திரும்பியதும் பலகையை வீட்டுப் பக்கம் சாய்த்தேன். நான் மாற்றியது அது ஒன்றுதான். குழாய் ஏற்கெனவே தெருவைப் பார்த்து இருந்தது. சன்னலை ஒட்டியவர் அவர். மணியைக் கழற்றியவர் அவர். பனி வானத்திலிருந்து வந்தது. மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரவேண்டும் என்பது அவருடைய விதி. வந்தது.

முதல் வாக்குமூலத்தில், காற்றில் பறந்த பனியில் ஒன்றும் தெரியவில்லை, பலகை தவறுதலாகச் சாய்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். நிறுவனம் நம்பியது. ஜனவரிக் கூட்டத்தில் எடுத்த படத்தை ஒரிகசா அக்கா உங்களிடம் காட்டும்வரை நீங்களும் நம்பினீர்கள். படத்தில் பஞ்சு இருக்கிறது, மாதிரியில் இல்லை. நல்ல கண் உங்களுக்கு. மன்றத்தில் சேரலாம்.

அன்று காற்று இருந்தது உண்மை. ஆனால் எல்லாம் தெரிந்தது. முதல் தடவை தள்ளியபோது குழாயின் மேல் விளிம்பு வெளியே நின்றது. மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன். பலகையைச் சற்று உயர்த்தி இன்னொரு தடவை தள்ளினேன். அழுத்தினேன். சுவரில் கீறல் விழாமல் செய்வது கடினம், என் கைக்கு அது வரும். நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள், கீறல் இருக்காது.

பிறகு காப்பியைக் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் புகை நின்றுவிட்டது. ஒட்டிய தாளுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. அவருடைய நிழல் ஒருமுறை எழுந்து, விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தது. கண் மங்கத் தொடங்கியிருக்கும். அவர் அதை வயது என்று நினைத்திருப்பார். அடுத்த தெருவுக்குப் போனேன்.

திரும்பி வரும்போதும் விளக்கு எரிந்தது. நிழல் மேசையில் சாய்ந்திருந்தது. நான் இறங்கி, மண்வாரியை எடுத்து, வீட்டு வாசலில் சிதறிய பனியை முழுக்க ஒதுக்கினேன். கிமியே அம்மா இருட்டில் வரும்போது வழுக்கி விழக்கூடாது. அந்த வாசல் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அதைப் பற்றி யாரும் போன் செய்யவில்லை.

குழாய் அங்கிருந்து நாலடி தூரம். மண்வாரி கையில் இருந்தது. நீங்கள் அதைக் கேட்பீர்கள் என்று தெரியும். அந்தப் பக்கம் என் வேலை முடிந்திருந்தது, அவ்வளவுதான்.

இனி பஞ்சு. அன்று வீட்டுக்கு வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், இடுக்கியால் அதை எடுத்தேன். ஒரு நூல் பசையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதையும் கத்தி முனையால் சுரண்டி, அந்த இடத்தில் சோடா தூவி மூடினேன்.

திருத்தம் சொன்னால் காதில் வாங்காதவள் என்று மன்றத்தில் என்னைப் பற்றிச் சொல்கிறார்களாம். அது சரியல்ல. அவர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன். இப்போது அந்த மாதிரியில் தவறு ஒன்றும் இல்லை, ஐயா. தோகாஷி ஐயா பார்த்தால் அவரே ஒப்புக்கொள்வார்.