அப்பாவின் எகிப்துக் கொப்பி

— இதைக் கல்வெட்டில போடேலாது, வர்சா. செத்த ஆளுக்கு அடிக்கிற புத்தகம் அது. தேவாரம், வாழ்க்கை வரலாறு, நன்றி நவிலல். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானோ? பாலசிங்கம் மாமான்ர முப்பத்தோராம் நாளுக்குக் குடுத்த கல்வெட்டில சமையல் குறிப்பு வந்தது, அண்ணா. அப்பா பன்ரண்டு வருசமா எழுதின கொப்பி அவற்ர கல்வெட்டில வரக்கூடாதோ?

— ஆர் வாசிப்பினம்? கிரேக்கத் தத்துவத்துக்கு எகிப்தில இருந்து என்ன வந்ததெண்டு ஒஸ்லோவில ரொம்சோஸ் பக்கம் இருக்கிற எங்கட சனத்துக்கு என்ன கவலை? வடையைச் சாப்பிட்டிட்டு அந்தத் தாளிலயே கை துடைக்குங்கள்.

— துடைக்கட்டும். வடக்கு நோர்வேயில, ஹம்மர்பெஸ்டில மீன் வெட்டின மனுசன். பிறகு இஞ்சை வந்து லைப்ரரி நிலம் துடைச்சவர். துடைச்சு முடிச்சிட்டு டிக்சனறியோட இருந்து படிச்சவர். ஒரு இடத்திலயாவது அவற்ர பேர் அச்சில வரட்டும்.

— உனக்கு விளங்கேல்லை. இது என்ர துறை. பிழையள் இருக்கும். தேலீஸ்தான் கிரேக்கத்தின்ர முதல் தத்துவஞானி எண்டுகினம். அவர் எகிப்துக்குப் போனாரோ எண்டதுக்கே பிற்காலத்து ஆக்கள்தான் சாட்சி.

— அதையும் அப்பா எழுதியிருக்கிறார். 'போனாரோ தெரியாது. ஆனால் எல்லாம் நீரிலிருந்து வந்ததென்று அவர் சொன்ன கதை எகிப்தில் அவருக்கு முன்னமே இருந்தது.' இருவத்தேழாம் பக்கம்.

— வடிவா வாசிச்சிருக்கிறாய்.

— நான்தானே ஒவ்வொரு நாளும் முதியோர் இல்லத்தில வேலை முடிஞ்சு வந்து கொம்பியூட்டரில தட்டுறன். முதல் தாள் மட்டும் மட்டையோட ஒட்டுப்பட்டுக் கிடக்கு, கிழிஞ்சிடும் எண்டு விட்டனான். நாளைக்குக் காலமை அச்சுக்குக் குடுக்கோணும்.

— குடுக்காத. ஒகஸ்டில எனக்கு யூனிவேர்சிட்டியில வேலை தொடங்குது. நாலு வருசம், சம்பளத்தோட பிஎச்டி. தயவுசெய்து.

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— லைட்டைப் போடு. மூண்டு மணிக்கே இருண்டு போச்சு.

— வேண்டாம், இருட்டுக்குள்ளயே கதை. உன்ர மாஸ்டர் ஆய்வை நேற்றுத் திரும்ப எடுத்துப் பாத்தனான். நாப்பதாம் பக்கம். வெள்ளம் வத்தேக்க முதல்ல வரம்பு தெரியும், எறும்பும் பாம்பும் அதில ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு ஒதுங்கிக் கிடக்கும், அதைக் கண்டவனுக்குத்தான் உலகம் தண்ணிக்குள்ள இருந்து மேடா எழும்பினதெண்டு தோணும். நோர்வேஜியனில நல்லா எழுதியிருக்கிறாய்.

— ஓம்.

— நீ பிறந்தது ஒஸ்லோவில. வெள்ளம் எங்கை கண்டனீ?

— வர்சா...

— அது மட்டக்களப்பு வெள்ளம், அண்ணா. அப்பான்ர வயல். கொப்பியில திகதி போட்டுக் கிடக்கு. அப்ப நீ பள்ளிக்கூடப் பிள்ளை.

— சாப்பாட்டு மேசையில அப்பா சொல்லுற கதைதானே எண்டு முதல்ல நினைச்சன். பிறகு கொப்பியைப் படம் எடுத்தனான்.

— எவ்வளவு?

— முழுக்க. அடிக்குறிப்பில எல்லாற்ர பேரும் போட்டன், ஜேர்மன்காரர், பிரெஞ்சுக்காரர் எண்டு. அதுக்குக் கீழ துப்புரவு வேலை செய்யிற ஆளின்ர தமிழ்க் கொப்பி எண்டு என்னண்டு போடுறது? சிரிப்பாங்கள். வெக்கமாப் போச்சு.

— கிரேக்கர் எகிப்துக்காரரிட்டை எடுத்திட்டு அவையின்ர பேரை விட்டிட்டாங்கள் எண்டு நூறு பக்கம் நியாயம் கதைச்சனீ.

— தெரியும். அதைச் சொல்லிக் காட்டாத.

— அப்பா உன்ர ஆய்வை வாசிச்சவர். அது தெரியுமே?

— என்ன?

— ஒக்டோபரில, ஆஸ்பத்திரியில. என்னைக் கொண்டு பிரிண்ட் எடுப்பிச்சவர். நாலு நாள் டிக்சனறியோட கிடந்தார். முடிச்சுப்போட்டு, கொப்பியையும் கொஞ்சம் பசையையும் கொண்டு வா எண்டார். மருந்து மயக்கத்தில கேக்கிறார் எண்டு நினைச்சன்.

— கோவிச்சவரே? ஏதும் சொன்னவரே?

— தம்பி வந்தா சாப்பிடச் சொல்லு எண்டார், உன்னைத்தான். நீ வரேல்லை.

— வேலை எண்டு உனக்குப் பொய் சொன்னனான். அவற்ர முகத்தைப் பாக்கப் பயம், வர்சா. அதுதான்.

— இனி எந்த முகத்தைப் பாக்கப்போறாய்?

— போடு. கல்வெட்டில போடு. எழுதியவர் குகநேசன் எண்டு அப்பான்ர பேரைப் பெரிசாப் போடு. திங்கக்கிழமை நானே ப்ரொபெசரிட்டைப் போய்ச் சொல்லுறன். வேலை போனாப் போகட்டும்.

— உண்மையாவோ?

— ஓம். இனி அவருக்கு நான் குடுக்க வேற என்ன இருக்கு?

— அப்ப இந்தா, கொப்பியைப் பிடி. அந்த ஒட்டின தாளை மெல்லமாக் கழட்டு. தலைப்பு அதிலதான் இருக்கும்.

— கிழியுது... இல்லை, வருது. பழைய தாளுக்கு மேல புதுசா ஒண்டை ஒட்டியிருக்கிறார். பசை கசிஞ்சு மட்டையோட பிடிச்சிருக்கு. எழுத்து நடுங்கியிருக்கு.

— வாசி, தட்டுறன்.

— என்னால ஏலாது, வர்சா.

— வாசி அண்ணா. அப்பா என்ன எழுதியிருக்கிறார்?

— 'இக்கொப்பியில் உள்ளவை யாவும் என் மகன் நிருஜன் எனக்குச் சொல்லித் தந்தவை. எழுதியது மட்டும் நான். யாரும் கேட்டால் இதைக் காட்டவும்.'