பக்கம் பக்கமாகத் தோற்ற முதலாளி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருவர். ஜன்னலோரத்தவர் மடியில் பெரிய ரோஜா மாலை.

“பத்திரிகை முதலாளி செத்துட்டாருன்னு அவரு பேப்பர்லயே போட்டிருக்காங்க. ஆனா ஆளு உயிரோடதான் இருக்காருங்க.”

“அப்புறம் எப்படிப் போட்டாங்க?”

“சீட்டாட்டத்துல சினிமாப் பக்கம், ராசிபலன் பக்கம்னு ஒண்ணொண்ணா வச்சித் தோத்துட்டாரு. மரண அறிவிப்புப் பக்கத்த ஜெயிச்ச மல்லாட்டைக் கடலை மண்டிக்காரரு பண்ண வேலை இது.”

“மறுப்பு போட வேண்டியதுதானே?”

“போடறதுக்கு அவருகிட்ட ஒரு பக்கமும் மிச்சமில்லீங்களே.”

“பேஜாருதான். அப்ப மாலை எதுக்கு?”

“சாவுக்கு வர்றவங்களையெல்லாம் பந்தல்ல உக்கார வச்சி, அவரே சீட்டு போட்டுக்கினு இருக்காராம். மாலை இல்லாம போனா ஆட்டத்துல சேத்துக்க மாட்டாருங்க.”